நின்ற பிறகு வந்தது

கறையக்காவை நல்லவள் என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. கூட வேலை செய்த பெண்கள் அப்படித்தான் சொல்கிறார்கள். அவள் காதில் விழுந்திருந்தால் உதட்டைப் பிதுக்கியிருப்பாள். ஒருவரை நல்லவர் என்று சொன்னால் அவரைப் பற்றி வேறெதுவும் தெரியவில்லை என்று அர்த்தம் என்பது அவள் கட்சி. உறுதியாகச் சொல்லக்கூடிய குணங்கள் அவளிடம் இரண்டு இருந்தன: கைச் சுத்தம், வாய் இறுக்கம். முதலாவது அவளுக்குச் சோறு போட்டது. இரண்டாவது என்ன செய்தது என்பதைத்தான் இங்கே சொல்ல வேண்டியிருக்கிறது.

பெரிய ஓட்டல் ஒன்றின் அடித்தளத்தில், சன்னல் இல்லாத நீளமான கூடத்தில் சலவைப் பிரிவு இருந்தது. மேல்மாடிகளிலிருந்து அழுக்கு விரிப்புகள் ஒரு தகரக் குழாய் வழியாகத் தொப் தொப்பென்று வந்து விழும். இரண்டு பெண்கள் அவற்றைப் பிரிப்பார்கள். சாதாரண அழுக்கு நேராக இயந்திரத்துக்குப் போகும். கறை பட்டது மட்டும் பறந்து வந்து மூலையில் தகடு போர்த்திய ஒரு மேசைமேல் விழும். மேசைக்குமேல் ஒரு பச்சைத்தண்ணீர்க் குழாய், பக்கத்தில் நான்கைந்து புட்டிகள், முள் தேய்ந்த தூரிகைகள். அதுதான் அவள் ராஜ்யம். மது, மை, உதட்டுச்சாயம், துரு, தேநீர், எல்லாவற்றுக்கும் மேலாக ரத்தம். இருபத்துமூன்று ஆண்டுகளாக அந்த ஓட்டலில் படுத்து எழுந்தவர்களின் ரத்தம் முழுவதும் அவள் விரல் வழியாகத்தான் சாக்கடைக்குப் போயிருக்கிறது.

புதிதாக வேலைக்கு வருகிறவள் எவளாவது ரத்தக் கறைமேல் சுடுதண்ணீரை ஊற்றிவிட்டால் கூடமே அதிரும்.

"அவிச்சுட்டியாடி! சுடுதண்ணி பட்டா ரத்தம் துணியைக் கல்யாணம் பண்ணிக்கும். அப்புறம் எந்தக் கோர்ட்டுக்குப் போனாலும் பிரிக்க முடியாது."

சலவைப் பிரிவின் மேற்பார்வையாளருக்குக் கஞ்சி என்று பெயர் வைத்திருந்தார்கள். சட்டை மட்டுமல்ல, கழுத்தும் விறைப்பாகத்தான் இருக்கும். அவர் புதியவர்களிடம் முதல் நாளே ஒரு சட்டத்தைச் சொல்லிவிடுவார். "இங்க வர்ற கறை யாரோடது, எப்படி வந்துச்சுன்னு கேக்கவே கூடாது. எந்த அறைன்னும் பாக்கக்கூடாது. போகுமா, போகாதா, அது ஒண்ணுதான் நமக்கு." மற்றவர்கள் இந்தச் சட்டத்தை வேலை நேரத்தில் மட்டும் கடைப்பிடித்தார்கள். துணியைப் பிரிக்கும்போதே கண்ணால் ஒரு கதை பேசிக்கொள்வார்கள். கறையக்கா அப்படியல்ல. அவளுக்கு உண்மையாகவே கேட்கத் தோன்றாது. கறை வந்தால் அவள் மனதில் எழும் கேள்விகள் இரண்டே: புதுசா, பழசா? தண்ணீரிலேயே போகுமா, மருந்து வேண்டுமா? புதுசு, தண்ணீரில் போகிறது என்றால் அது ஒரு விஷயமே இல்லை. கசக்கி இயந்திரத்தில் போட்டுவிட்டு மறந்துவிடலாம்.

ஒரு தொழிலை நன்றாகப் பழகியவர்களுக்கு அதன் கேள்விகளைத் தவிர வேறு கேள்விகள் இருப்பதே மறந்துபோகிறது. அதைத் திறமை என்று பாராட்டுகிறோம். பாராட்டுவதற்கு முன் கொஞ்சம் யோசிக்கலாம்.

டயர்க் கடை ஒன்றின் மாடியில் இரண்டு அறை வீடு. அதில் அவளும் அவள் தங்கையும் இருந்தார்கள். கறையக்காவின் கணவர் லாரி ஓட்டினார். மாரடைப்பில் போய்ச் சேர்ந்து பல வருடமாகிவிட்டது. குழந்தை இல்லை. தங்கையை அவள் இன்றைக்கும் சின்னவளே என்றுதான் கூப்பிடுவாள். சின்னவள் புருஷனோடு சண்டை போட்டுக்கொண்டு ஒரு வாரம் இருந்துவிட்டுப் போகிறேன் என்று பெட்டியோடு வந்தவள். அந்த வாரம் முடிந்தபாடில்லை. வாடகைக் கார் அலுவலகம் ஒன்றில் தொலைபேசி எடுக்கும் வேலை அவளுக்கு. எங்கே இருக்கிறீர்கள், எங்கே போகவேண்டும், எத்தனை பேர், பெட்டி உண்டா என்று காலை முதல் மாலை வரை கேட்டுக்கொண்டே இருப்பாள். வீட்டுக்கு வந்தும் நாக்கு ஓயாது.

"ஏன் அக்கா முகம் வாடியிருக்கு? சாப்பிட்டியா? என்ன சாப்பிட்டே? சர்க்கரை மாத்திரை போட்டியா?"

"ஒண்ணொண்ணாக் கேளுடி. நான் என்ன காருக்கா நிக்கிறேன்?"

மாதவிடாய் நிற்பதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகள் கறையக்காவைப் பாடாய்ப் படுத்தின. இரண்டு மாதம் எட்டிப் பார்க்காது. மூன்றாம் மாதம் வந்தால் போகவே போகாது. உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்திருக்கப் பயந்து, கருப்பு உடையாகவே உடுத்திக்கொண்டு, பையில் மாற்றுத்துணியோடு வேலைக்குப் போனாள். ஐம்பத்தொன்றாம் வயதில் ஒருவழியாக நின்றது. ஒரு வருடம் பார்த்துவிட்டு, இனி வராது என்று உறுதியானதும், மிச்சமிருந்த பஞ்சுப் பொட்டலங்களைச் சின்னவளிடம் தூக்கிக் கொடுத்தாள். "இந்தா, என் பங்கையும் நீயே அனுபவி" என்றாள்.

வருத்தம் இருந்ததா என்று கேட்டால் அவள் சிரித்திருப்பாள். முப்பத்தெட்டு ஆண்டு, மாதா மாதம், வராத விருந்தாளிக்கு அறையைத் தயார் செய்து, வரவில்லை என்று தெரிந்ததும் எல்லாவற்றையும் உருவிப் போட்ட உடம்பு. ஓட்டலிலும் அப்படித்தான், யாரும் படுக்காத கட்டிலுக்கும் விரிப்பு மாற்றுவார்கள். இனி மாற்ற வேண்டாம் என்பதில் வருத்தப்பட என்ன இருக்கிறது?

ஐம்பத்தேழாம் வயதில் ஒரு காலை, குளியலறையில் உள்ளாடையைக் கழற்றியபோது ஒரு பொட்டு தெரிந்தது. வெளிர் சிவப்பு. விரல் நுனி அளவுகூட இல்லை. அவள் அதைப் பார்த்தாள். கை தானாகக் குழாயைத் திறந்தது. பச்சைத்தண்ணீர் பட்டதும் கறை கரைந்து ஓடியது. சோப்புகூடத் தேவைப்படவில்லை.

அவ்வளவுதான். அவள் பயப்படவில்லை. பயத்தை அடக்கிக்கொண்டாள் என்று எழுதினால் கதைக்கு நன்றாக இருக்கும், ஆனால் அது உண்மையாக இருக்காது. புதுசு, தண்ணீரிலேயே போய்விட்டது. அவளுடைய இரண்டு கேள்விகளுக்கும் பதில் கிடைத்துவிட்டது. மூன்றாவது கேள்வியை அவள் யாரிடமும் கேட்டுப் பழகியவள் அல்ல, தன்னிடமும்தான்.

மூன்று வாரம் கழித்து மறுபடி ஒரு பொட்டு. பிறகு அடிக்கடி. சில நாள் பழுப்பாக, சில நாள் நீர்த்த இளஞ்சிவப்பாக. ஒருநாள் வேலையில் இருக்கும்போது ஈரம் தட்டியது. விரிப்புகளை உருளை இஸ்திரியில் விடுகிறவளிடம் போய் மெதுவாக ஒரு பஞ்சு கேட்டாள். உருளைக்காரிக்கு வயது முப்பதுகூட இருக்காது. வாய் மட்டும் அறுபது.

"உங்களுக்கு எதுக்கு அக்கா இது?"

"சின்னவளுக்குடி. சாயங்காலம் கொண்டுபோய்க் குடுக்கணும்."

"நான்கூட நீங்க மறுபடியும் வயசுக்கு வந்துட்டீங்களோன்னு நினைச்சேன். சொல்லுங்க அக்கா, கஞ்சி சாருக்குப் பொண்டாட்டி போய் ரெண்டு வருஷமாச்சு. ஒரு வார்த்தை பேசிப் பாக்கட்டுமா?"

"அந்த ஆளை இஸ்திரி போட்டு மடிச்சு அலமாரியில வெக்கலாம். கட்டிலுக்கு ஆகாது."

கூடம் முழுக்கச் சிரித்தது. அவளும் சிரித்தாள். பஞ்சோடு கழிவறைக்குப் போனாள்.

பொய் சொல்ல வசதியாகத்தான் இருந்தது, ஏனென்றால் அந்த நாட்களில் சின்னவளுக்கும் நிற்கும் பருவம் வந்திருந்தது. அவளுக்கு நாற்பத்தெட்டு. ஒன்றரை மாதம் வராமல் இருந்துவிட்டு ஒருநாள் கார் அலுவலகத்து நாற்காலியே நனையும்படி கொட்டியது. வீட்டில் எங்கும் அவளுடைய துணிகள், வாளியில் அவளுடைய ஊறல், குப்பைக்கூடையில் அவளுடைய பொட்டலங்கள். அந்தப் பெருவெள்ளத்துக்குள் கறையக்காவின் துளிகள் யார் கண்ணிலும் படாமல் கலந்துபோயின.

பத்து நாள் நிற்காமல் போனதும் சின்னவள் வெளுத்துப்போனாள். கறையக்கா அவளைப் பெண் மருத்துவர் ஒருவரிடம் அழைத்துப் போனாள். துணைக்குப் போனவள் அவள்; நோயாளி சின்னவள். இரண்டு நாற்காலிகளில் அப்படித்தான் உட்கார்ந்தார்கள்.

மருத்துவர் ஸ்கேன் எடுத்துப் பார்த்தார். கர்ப்பப்பையின் உள்படலம் பதினான்கு மில்லிமீட்டர் என்றார். ஊசிபோன்ற மெல்லிய குழாயால் கொஞ்சம் சுரண்டி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். ஒரு வாரத்தில் முடிவு வந்தது. கெடுதல் ஒன்றும் இல்லை. சின்னவள் விட்டாளா? ஏன் இப்படி ஆச்சு, எப்போ நிக்கும், மறுபடி வருமா என்று வரிசையாகக் கேட்டாள். மருத்துவருக்கும் அன்றைக்குப் பொறுமை இருந்தது.

"கர்ப்பப்பைக்கு உள்பக்கம் ஒரு படலம் இருக்கு. மாசாமாசம் அது தடிக்கும், கரு வந்தா தங்கறதுக்கு. வரலைன்னா உதிர்ந்து வெளிய வந்துடும். அதுதான் மாதவிடாய். வளருன்னு சொல்ல ஒரு ஹார்மோன். போதும், நிறுத்துன்னு சொல்ல இன்னொரு ஹார்மோன். நிக்கப்போற வயசுல முட்டை ஒழுங்கா வெளிய வராது. முட்டை வரலைன்னா அந்த ரெண்டாவது ஆள் வேலைக்கே வரமாட்டான். முதல் ஆள் மட்டும் வளரு, வளருன்னு சொல்லிக்கிட்டே இருப்பான். படலம் கண்டபடி வளர்ந்து ஒருநாள் மொத்தமாக் கொட்டும்."

"எங்க ஆபீஸ் மாதிரிதான் டாக்டர். கணக்கு பாக்கறவர் லீவு போட்டா டிரைவருங்க இஷ்டத்துக்கு ஓட்டுவாங்க."

"அதேதான். நான் குடுக்கற மாத்திரை அந்தக் கணக்குப் பாக்கறவர் மாதிரி."

சின்னவளுக்கு அப்போதும் திருப்தி இல்லை. "சரி டாக்டர், முழுசா நின்னப்புறம்? எங்க அக்காவுக்கு நின்னு ஆறு வருஷமாச்சு. அவங்களுக்கு உள்ள அந்தப் படலம் என்ன ஆகியிருக்கும்?"

"ரெண்டு ஆளும் ரிடையர் ஆயிடுவாங்க. படலம் மெலிஞ்சு ஒட்டிப்போயிடும். நாலு மில்லிமீட்டருக்குள்ளதான் இருக்கும். உதிர்றதுக்கு ஒண்ணுமே இருக்காது. அதனாலதான், நின்னு ஒரு வருஷம் ஆனவங்களுக்கு ஒரு சொட்டு பட்டாலும் உடனே வந்து காட்டணும்னு சொல்றோம். நிறையப் பேருக்குப் படலம் காய்ஞ்சு உரசறதால வர்றதாத்தான் இருக்கும். பத்துப் பேருல ஒருத்தருக்குப் புத்துநோயா இருக்கும். உடம்பு கனமா, சர்க்கரையும் இருக்கறவங்க இன்னும் கவனமா இருக்கணும். கொழுப்பு இருக்கே, அது அந்த முதல் ஆளோட வேலையைத் திருட்டுத்தனமாச் செஞ்சுகிட்டு இருக்கும்." பிறகு அவர் தலையைத் திருப்பினார். "உங்களுக்கு அப்படி ஏதாவது பட்டுதா அம்மா?"

"இல்ல" என்றாள் கறையக்கா.

கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிட்டது.

"அக்காவுக்கா? அவங்க எல்லாத்தையும் மூட்டை கட்டி என் தலையில வெச்சுட்டாங்க" என்று சின்னவள் சிரித்தாள். மருத்துவரும் சிரித்துவிட்டு மாத்திரை எழுதினார்.

ஏன் இல்லை என்றாள்? பிறகு அவளே இதைப் பலமுறை யோசித்தாள். வெட்கம் என்று சொல்லலாம். ஆனால் அவள் அதற்கெல்லாம் கூசுகிறவள் அல்ல. பயம் என்று சொல்லலாம். அந்த நொடியில் பயப்படவும் நேரம் இருக்கவில்லை. கேட்கக்கூடாது என்ற சட்டத்துக்குள் இத்தனை காலம் இருந்தவளை யாரோ திடீரென்று கேட்டுவிட்டார்கள். கதவு தட்டிய சத்தத்துக்கு உடம்பு தூக்கிவாரிப் போடுவதுபோல வாய் இல்லை என்றது. சொன்ன பிறகுதான் பயம் வந்தது. அப்போது அந்தப் பொய் ஏற்கெனவே அங்கே உட்கார்ந்திருந்தது. எழுந்து போகச் சொல்லக் காரணம் சொல்லவேண்டியிருந்தது. பத்தில் ஒருத்தி என்றாரே, அந்த ஒருத்தியாக நான்தான் இருக்கவேண்டுமா என்று மாடிப்படி இறங்கும்போது தனக்குள் சொல்லிக்கொண்டாள். மீதி ஒன்பது பேரும் இதையே சொல்லிக்கொண்டிருப்பார்கள் என்பது அவளுக்குத் தோன்றவில்லை.

இதை மறதி என்றோ அறியாமை என்றோ தள்ளிவிட முடியாது. அந்த அறைக்குள் நுழைந்தபோது அவளுக்குத் தெரியாது. வெளியே வரும்போது தெரியும். தெரிந்த பிறகு இன்னும் மூன்று மாதம் போனது.

சின்னவளுக்கு மாத்திரை கேட்டது. முதல் மாதம் குறைந்தது. பிறகு அடியோடு நின்றது. முகத்தில் ரத்தம் ஊறியது. அலுவலகத்தில் பழைய குரலில் கத்த ஆரம்பித்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் குளியலறைக்குப் போனவள் கதவைத் திறந்து வைத்துக்கொண்டே அங்கிருந்து கூப்பிட்டாள்.

"அக்கா, வாளியில ஊறுதே, இது யாரோடது?"

கறையக்கா அடுப்படியில் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். "உன்னோடதுதான். வேற யாரோடது?"

"எனக்கு நின்னு ரெண்டு மாசமாச்சு."

கறையக்கா அடுத்த காயை எடுத்தாள்.

சின்னவள் ஈரக்கையோடு வந்து அடுப்படி வாசலில் நின்றாள். "தண்ணி செவப்பா இருக்கு அக்கா. நம்ம வீட்டுல ரெண்டே பேர்தான் இருக்கோம்."

கத்தி பலகைமேல் இரண்டு தடவை போய்வந்து நின்றது.

"எப்பலேருந்து?"

"இப்பத்தான் கொஞ்ச நாளா. ஒண்ணுமில்லடி, தண்ணியிலயே போயிடுது."

"தண்ணியில போனா என்ன, நெருப்புல போனா என்ன? டாக்டர் உன் மூஞ்சியப் பாத்துத்தானே கேட்டாங்க? நான் பக்கத்துல உக்காந்து பல்லைக் காட்டிக்கிட்டு இருந்தேனே!"

மறுநாள் அதே அறை. இந்த முறை நாற்காலிகள் மாறியிருந்தன. எவ்வளவு நாளாக என்று மருத்துவர் கேட்டதும் கறையக்கா "ரெண்டு மாசம்" என்றாள். சின்னவள் திரும்பிப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். கறையக்கா மேசைமேலிருந்த பேனாவைப் பார்த்து, "எட்டு" என்றாள்.

"எவ்வளவு படும் ஒரு தடவைக்கு?"

"பச்சைத்தண்ணியிலயே போயிடும் டாக்டர். தேய்க்கக்கூட வேண்டாம்."

மருத்துவர் எழுதுவதை நிறுத்தி நிமிர்ந்தார். அவருக்குப் புரியவில்லை. கறையக்காவுக்கோ, எட்டு மாதமாகத் தன்னைக் காப்பாற்றிவந்த வாதம் வாயைவிட்டு வெளியே வந்ததும் எவ்வளவு சின்னதாக இருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது. துணிக்கு அது பதில். உடம்புக்கு அது பதிலே இல்லை.

ஸ்கேன் எடுத்தார்கள். படலம் பதின்மூன்று மில்லிமீட்டர். அதைக் கேட்டதும் அவள் மூச்சு விட்டாள். அந்த நிம்மதியை அவளால் மறைக்க முடியவில்லை.

"இவளுக்குப் பதினாலு இருந்துச்சே டாக்டர். எனக்கு ஒண்ணு கம்மிதானே?"

மருத்துவர் கண்ணாடியைக் கழற்றினார். "அவங்களுக்கு இன்னும் முழுசா நிக்கல அம்மா. அவங்க படலத்துக்கு வளர்ற வேலை இன்னும் இருக்கு. இன்னிக்குப் பதினாலு இருக்கும், உதிர்ந்தா நாலு ஆகும். உங்களுக்கு அந்த வேலை முடிஞ்சு ஆறு வருஷமாச்சு. வேலையே இல்லாத இடத்துல இவ்வளவு தடிச்சிருக்குன்னா, யார் வளர்க்கறாங்கன்னு பாத்தே ஆகணும்."

ஏறக்குறைய ஒரே எண். ஒருத்திக்கு அது மாதத்தில் ஒரு நாள். மற்றவளுக்கு அது இருக்கக்கூடாத ஒன்று. எண்ணைத் தெரிந்துகொள்வதும் அதன் பொருளைத் தெரிந்துகொள்வதும் வெவ்வேறு என்பதை எத்தனையோ பேர் எத்தனையோ பக்கங்களில் எழுதியிருக்கிறார்கள். பரிசோதனைக் கட்டிலில் கால் அகட்டிப் படுத்திருக்கும்போது அதைத் தெரிந்துகொள்வது வேறு.

சுரண்டி எடுத்ததில் புற்று என்று வந்தது. கர்ப்பப்பை, குழாய்கள், சினைப்பைகள், சுற்றியிருந்த நிணநீர் முடிச்சுகள் எல்லாவற்றையும் எடுத்தார்கள். அறுவை செய்தவர் வேறொரு மருத்துவர், உயரமானவர், எதையும் வளர்த்துப் பேசாதவர். படலத்தோடு நிற்காமல் தசைச் சுவரில் பாதிக்குமேல் இறங்கிவிட்டது, எடுத்த முடிச்சுகளில் இரண்டில் பரவியிருக்கிறது, கதிர்வீச்சும் மருந்தும் வேண்டும் என்றார்.

சின்னவள் கேட்டாள். அவளால் கேட்காமல் இருக்க முடியாது. "எட்டு மாசம் முன்னாடி வந்திருந்தா?"

கறையக்கா கட்டிலில் விழித்துக்கொண்டுதான் இருந்தாள். அது அவருக்கும் தெரியும்.

"அடிச்சுச் சொல்ல முடியாது. படலத்தோடயே நின்னிருக்க வாய்ப்பு அதிகம். அப்படி இருந்திருந்தா ஆபரேஷனோட முடிஞ்சிருக்கலாம்."

அவர் பொய் சொல்லவில்லை. அதற்குமேல் அவரைப் புகழ ஒன்றுமில்லை. குறை சொல்லவும் இல்லை.

முடி கொட்டியது. நாக்கில் ருசி போனது. கால் விரல்கள் மரத்தன. சலவைக்கூடத்துப் பெண்கள் ஒரு ஞாயிறு மாலை கூட்டமாக வந்தார்கள். கஞ்சி வரவில்லை, வேலை காத்திருக்கும் என்று சொல்லி அனுப்பினார், பிறகு அந்த மேசைக்கு வேறொருத்தியைப் போட்டார். உருளைக்காரி வாசலிலேயே அழுதுவிட்டாள்.

"அன்னிக்குப் பஞ்சு கேட்டீங்களே அக்கா. நான் கிண்டல் பண்ணாம ஒழுங்காக் கேட்டிருக்கணும்."

"கேட்டிருந்தா மட்டும் சொல்லியிருப்பேனாக்கும்? போடி, மூக்கைத் தொடை. கஞ்சிக்கு வேற பொண்ணு பாத்தியா இல்லையா?"

யாரும் சிரிக்கவில்லை. அவளும் திரும்பச் சொல்லவில்லை.

சிகிச்சை முடிந்தபின் அந்த வீட்டில் ஒரு புதிய வழக்கம் தொடங்கியது. மருத்துவமனையில் சொல்லி அனுப்பியிருந்தார்கள்: ரத்தம் பட்டாலோ, இருமல் நிற்காவிட்டாலோ, வலி, கால்வீக்கம் என்று எது இருந்தாலோ உடனே வரவேண்டும். சின்னவள் தினமும் வேலைக்குப் புறப்படுமுன் செருப்பைப் போட்டுக்கொண்டே கேட்பாள்.

"ரத்தம்?"

"இல்ல."

"இருமல்?"

"இல்ல."

"வலி?"

"நீதான்டி வலி."

முதலில் இது விளையாட்டுப்போல இருந்தது. பிறகு கறையக்கா கவனித்தாள்: பதிலைக் கேட்டுக்கொண்டபின் சின்னவள் குளியலறைக்குப் போய் வாளியைப் பார்ப்பாள். கொடியில் காயும் உள்ளாடைகளை உள்பக்கம் திருப்பிப் பார்ப்பாள். மெத்தை விரிப்பைத் தூக்கிப் பார்ப்பாள். மறைத்துச் செய்யவில்லை. கறையக்கா பார்க்கும்போதே செய்தாள். இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசிக்கொள்ளவில்லை. நம்பிக்கை போன பிறகும் அன்பு இருக்கும் என்பது ஆறுதலான விஷயமா என்று சொல்லத் தெரியவில்லை. அது வேலைப்பளு மிகுந்த அன்பு. அதில் தூங்க முடியாது.

கறையக்கா ஒரு முடிவு செய்திருந்தாள். இனி எது வந்தாலும் அந்த நொடியே சொல்வது. இந்த ஒன்றையாவது சரியாகச் செய்யவேண்டும் என்று நினைத்தாள். அவளிடம் செய்வதற்கு வேறு பெரிதாக ஒன்றும் மிச்சமில்லை.

ஒரு வருடத்துக்குமேல் ஒன்றும் வரவில்லை. புருவம் முளைத்தது. அவள் கடைக்குத் தனியாகப் போய்வந்தாள். அப்புறம் ஒரு காலை, கட்டிலிலிருந்து காலைத் தொங்கவிட்டபோது இடது கால் தன்னுடையது மாதிரி இல்லை. தொடையிலிருந்து பாதம்வரை உப்பி, தோல் மினுமினுத்தது. வலது காலைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். எழுந்திருக்கவில்லை. தடவிக் கொடுத்துப் பார்ப்போம், சாயங்காலத்துக்குள் வடிந்துவிடும் என்றெல்லாம் மனம் தொடங்கியது. அதை அங்கேயே நிறுத்திவிட்டுக் கூப்பிட்டாள்.

"சின்னவளே, இங்க வா. கால் வீங்கியிருக்கு."

சின்னவள் தலைவாரிக்கொண்டே வந்தாள். சீப்பு முடியிலேயே நின்றது. குனிந்து, கட்டைவிரலால் கெண்டைக்காலை அழுத்தினாள். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே இருந்தது.

"எப்பலேருந்து?"

"இன்னிக்குக் காலையிலதான்."

"அக்கா."

"சத்தியமாடி. ராத்திரி படுக்கும்போது நல்லாத்தான் இருந்துச்சு. கண்ணு முழிச்சேன், பாத்தேன், உன்னைக் கூப்பிட்டேன்."

"ஒரே ராத்திரியில இவ்வளவு வீங்குமா?" சின்னவளின் குரல் உயரவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "போன தடவையும் ரெண்டு மாசம்னு சொன்னே. நான் திட்ட மாட்டேன். அழ மாட்டேன். எத்தனை நாளாச்சுன்னு மட்டும் சொல்லிடு."

"இன்னிக்குத்தான்டி."

"சொல்லு அக்கா."

கறையக்கா தங்கையின் முகத்தைப் பார்த்தாள். இந்த முகம் இனி எந்த உண்மையையும் வாங்கிக்கொள்ளாது. அதை அப்படி ஆக்கியது வேறு யாருமில்லை. அங்கே நின்று வாதாட அவளுக்குத் தெம்பும் இல்லை, நேரமும் இல்லை.

"ஒரு வாரமா" என்றாள்.

சின்னவள் தோள் தளர்ந்து மூச்சு விட்டாள். "அப்படிச் சொல்லு" என்றாள், கிட்டத்தட்ட அன்பாக. உடனே அலமாரியைத் திறந்து அக்காவுக்கு மாற்றுடை எடுத்தாள்.

மருத்துவமனையில் உயரமான மருத்துவர் காலைப் பார்த்துவிட்டு எவ்வளவு நாளாக என்று கேட்டார். சின்னவள் முந்திக்கொண்டாள். "ஒரு வாரமா இருக்காம் டாக்டர். இன்னிக்குத்தான் சொன்னாங்க."

"இல்ல டாக்டர்" என்று கறையக்கா தொடங்கினாள். "காலையில எழுந்திருக்கும்போதுதான்..."

"அவங்க அப்படித்தான் சொல்வாங்க" என்றாள் சின்னவள்.

மருத்துவர் இருவரையும் பார்த்தார். கறையக்காவைப் படுக்கச் சொல்லி, இடுப்புக்குக் கீழே, தொடை தொடங்கும் மடிப்பில் நான்கு விரல்களை வைத்து அழுத்தினார். விரல்கள் நகர்ந்தன, ஓரிடத்தில் நின்றன, அதைச் சுற்றி மெதுவாக வந்தன. கடினமாக, அசையாமல் ஏதோ ஒன்று அவர் விரல்களுக்கும் தன் எலும்புக்கும் நடுவில் இருப்பதைக் கறையக்காவும் உணர்ந்தாள்.

அதற்குப் பிறகு அவர் எத்தனை நாள் என்று கேட்கவில்லை.